மருந்துக் கடை கவுன்ட்டரில் எழுதப்பட்ட சட்டம்



1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் வயாகராவுக்கு அனுமதி கொடுத்தது. ஒரு மாத்திரை ஏறக்குறைய 10 டாலர். ஆண்கள் மருந்துச் சீட்டோடு கடைக்குப் போனார்கள். பல இன்சூரன்ஸ் நிறுவனங்கள் அதிகம் யோசிக்காமல் பணம் கட்டின. எல்லாம் சில வாரங்களுக்குள் நடந்து முடிந்தது.

அதே நாட்டில் கருத்தடை மாத்திரைக்கு 1960-லேயே அனுமதி கிடைத்துவிட்டது. ஆனால் 1990-களின் நடுவில் எடுத்த கணக்குப்படி, பெரிய நிறுவனங்களின் காப்பீட்டுத் திட்டங்களில் ஏறக்குறைய எல்லாமே மருந்துச் செலவை ஏற்றாலும், கருத்தடை மாத்திரைக்குப் பணம் கொடுத்தவை மூன்றில் ஒரு பங்குதான். ரத்த அழுத்த மாத்திரைக்கு உண்டு, அலர்ஜி மாத்திரைக்கு உண்டு, இதற்கு மட்டும் இல்லை. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்கள் மருத்துவத்துக்காகத் தம் கையிலிருந்து செலவழிப்பது அதே வயது ஆண்களைவிட 68 சதவீதம் அதிகம் என்று அந்த நாளைய ஆய்வு ஒன்று சொன்னது. அந்த 68 சதவீதத்தில் பெரும்பகுதி எங்கே போனது என்று ஊகிப்பதற்குப் பொருளாதாரம் படித்திருக்கத் தேவையில்லை.

வயாகராவால்தான் அமெரிக்க மாநிலங்களில் கருத்தடைக் காப்பீட்டுச் சட்டங்கள் வந்தன என்று சொல்பவர்கள் உண்டு. கேட்க நன்றாயிருக்கிறது, ஆனால் முழு உண்மை அதுவல்ல. முதல் சட்டத்தை நிறைவேற்றிய மாநிலம் மேரிலாந்து, ஆண்டு 1998. அதன் தலைநகரான அன்னபொலிஸில் சட்டமன்றம் ஜனவரியில் கூடும், 90 நாளில் கலையும். வயாகராவுக்கு அனுமதி வந்தபோது அந்த ஆண்டின் கூட்டத்தொடரே முடியும் தறுவாயில் இருந்தது. பெண்கள் அதற்கு வெகுநாள் முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்தார்கள். 1997-லேயே ஒலிம்பியா ஸ்னோ என்ற குடியரசுக் கட்சி செனட்டரும் ஹாரி ரீட் என்ற ஜனநாயகக் கட்சி செனட்டரும் சேர்ந்து நாடு முழுமைக்குமான மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவே இல்லை. வயாகரா செய்த உதவி வேறு: அதுவரை புரியாததுபோல் இருந்தவர்களால் அதற்குப் பிறகு அப்படி இருக்க முடியவில்லை.

அமெரிக்கக் காப்பீடு எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதை விட்டால் மீதிக் கதை பிடிபடாது. அங்கே வேலை பார்க்கும் வயதில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வருவது முதலாளி வழியாக. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், சம்பளத்தை இஷ்டம்போல் உயர்த்தக் கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. ஆள் கிடைக்காத நிறுவனங்கள், சம்பளத்துக்குப் பதிலாக ஆஸ்பத்திரிச் செலவைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லி ஆள் பிடித்தன. போர் முடிந்தது, பழக்கம் நிலைத்துவிட்டது. ஆக ஒரு பெண்ணுடைய மாத்திரைச் செலவு காப்பீட்டில் சேருமா சேராதா என்பதில் அவளுக்கும் டாக்டருக்கும் நடுவே மூன்றாவதாக ஒருவர் வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் அவளுடைய முதலாளி.

இன்சூரன்ஸ்காரர்கள் சொன்ன காரணம் இது: காப்பீடு என்பது நோய்க்கு, கருத்தரிப்பது நோயல்ல, ஆகவே அதைத் தடுப்பது மருத்துவமும் அல்ல. இதை அவர்கள் எந்தச் சங்கடமும் இல்லாமல் சொன்னார்கள். ஆனால் அதே திட்டங்களில் பல, பிரசவத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்தன. பிள்ளைப்பேற்றை ஒரேயடியாக நிறுத்தும் ஆபரேஷனுக்கும் கொடுத்தன. இப்போது வேண்டாம், இரண்டு வருஷம் போகட்டும் என்று நினைக்கும் பெண்ணுக்குத்தான் கை விரித்தன. மாத்திரை உட்பட எல்லாக் கருத்தடை முறைகளையும் சேர்த்தால் கூடுதல் செலவு எவ்வளவு என்று 1998-ல் குட்மாக்கர் நிறுவனம் கணக்குப் போட்டது. ஒரு ஊழியருக்கு ஆண்டுக்கு 21 டாலர் 40 சென்ட் வந்தது. அந்தச் சில்லறைக்குத்தான் இத்தனை வாதம்.

மேரிலாந்து சட்டம் சொன்னது சின்ன விஷயம். உங்கள் திட்டம் மருந்துகளுக்குப் பணம் கொடுக்கிறதா? அப்படியானால் டாக்டர் எழுதும் கருத்தடை மருந்துக்கும் சாதனத்துக்கும் கொடுக்க வேண்டும். மத நிறுவனமாக இருந்து, எங்கள் நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றால் விலக்குக் கேட்கலாம். அவ்வளவுதான். இலவசம் என்று சொல்லவில்லை. மற்ற மருந்துக்கு என்ன மரியாதையோ அதுவே இதற்கும்.

அடுத்த ஆண்டிலிருந்து மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கலிஃபோர்னியா வந்ததில் ஆச்சரியமில்லை. ஜார்ஜியாவும் வட கரோலினாவும் 1999-லேயே வந்தன. டெக்சஸ் 2001-ல் வந்தது. அர்கன்சா 2005-ல் இப்படி ஒரு சட்டம் இயற்றியபோது அதில் கையெழுத்துப் போட்ட ஆளுநர் மைக் ஹக்கபி, பாப்டிஸ்ட் சபைப் போதகராக இருந்து அரசியலுக்கு வந்தவர். இன்றைக்கு இந்த விஷயத்தில் அங்கே நடக்கும் கட்சிச் சண்டையைப் பார்ப்பவர்களுக்கு இது நம்ப முடியாததாக இருக்கும். அன்றைக்கு இது பெரும்பாலும் குடும்பச் செலவுக் கணக்காகவே பார்க்கப்பட்டது. அப்படிப் பார்க்கப்பட்டவரை பெரும்பாலும் சுமுகமாகவே நடந்தது.

இந்த இடத்தில் சியாட்டில் பெண் ஒருவரைச் சொல்ல வேண்டும். ஜெனிஃபர் எரிக்சன், பார்டெல் என்ற மருந்துக் கடைத் தொடரில் மருந்தாளுநர். கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று, வருகிற பெண்களுக்குக் கருத்தடை மாத்திரையை எடுத்துக் கொடுப்பவர். அவர் வேலை செய்த அந்த நிறுவனத்தின் காப்பீடே அவருடைய மாத்திரைக்குப் பணம் தராது! விற்கிற கடையின் ஊழியருக்கே கிடையாது. வழக்குப் போட்டார். பெண்கள் மட்டும் பயன்படுத்தும் மருந்தைத் தனியாகப் பிரித்து ஒதுக்குவது பால் பாகுபாடு என்று நீதிபதி ராபர்ட் லாஸ்னிக் 2001 ஜூனில் தீர்ப்பளித்தார். அதற்கு ஆறு மாதம் முன்புதான் வேலைவாய்ப்பில் பாகுபாட்டைக் கண்காணிக்கும் ஆணையமும் இதையே சொல்லியிருந்தது. முடிந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள். 2007-ல் யூனியன் பசிபிக் ரயில்வே வழக்கில் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இதில் பாகுபாடு ஒன்றுமில்லை என்று நேர் எதிராகச் சொன்னது. தீர்ப்பு நீதிபதிக்கு நீதிபதி மாறும், மசோதாவை விட்டுவிடாதீர்கள் என்று மாநிலங்களில் வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் சொன்னதன் நியாயம் அப்போது தெரிந்தது.

இந்தக் கதையில் என்னை மிகவும் இழுத்தது ஒரு ஓட்டை. 1974-ல் அமெரிக்கக் காங்கிரஸ் தொழிலாளர் ஓய்வூதியத்தைப் பாதுகாக்க எரிசா என்று ஒரு சட்டம் இயற்றியது. நல்ல நோக்கம்தான். அதன்படி, இன்சூரன்ஸ் கம்பெனியை மாநில அரசு கட்டுப்படுத்தலாம். ஆனால் ஒரு முதலாளி இன்சூரன்ஸ் வாங்காமல், ஊழியர்களின் மருத்துவச் செலவைத் தன் பணத்திலிருந்தே நேரடியாகக் கொடுத்தால் அந்தத் திட்டத்தை மாநிலம் தொட முடியாது. பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் இரண்டாவது வழிதான். முதலாளி வழியாகக் காப்பீடு பெறுபவர்களில் பத்துப் பேருக்கு ஆறு பேர் அப்படிப்பட்ட திட்டங்களில் இருக்கிறார்கள். மேரிலாந்தின் பால்டிமோரில் ஒரே தெருவில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குச் சின்னக் கம்பெனியில் வேலை, கம்பெனி இன்சூரன்ஸ் வாங்கியிருக்கிறது, சட்டம் அவளுக்கு உண்டு. அடுத்த வீட்டுக்காரிக்குப் பன்னாட்டு நிறுவனத்தில் வேலை, சம்பளம் இரு மடங்கு, சட்டம் கிடையாது. அவள் ஓட்டுப் போட்டு அனுப்பிய உறுப்பினர் கை தூக்கி நிறைவேற்றிய சட்டம், அவளுக்கே கிடையாது.

இந்த ஓட்டையை அடைக்க மத்தியில்தான் சட்டம் வேண்டும் என்று தெரிந்திருந்தும் அது 2010 வரை காத்திருந்தது. ஒபாமாவின் காப்பீட்டுச் சட்டத்தில் பெண்களுக்கான தடுப்பு மருத்துவம் இலவசமாக வேண்டும் என்ற திருத்தத்தைக் கொண்டுவந்து சேர்த்தவர் பார்பரா மிகுல்ஸ்கி. அவர் எந்த மாநிலத்து செனட்டர் என்று நினைக்கிறீர்கள்? மேரிலாந்து. கருத்தடையும் அந்தத் தடுப்பு மருத்துவத்தில் அடங்கும் என்று 2011-ல் முடிவாயிற்று. 2012 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு புதுப்பிக்கப்பட்ட திட்டங்களில், சொந்தப் பணத்தில் நடத்தும் நிறுவனங்கள் உட்பட, மாத்திரைக்கும் காப்பர்-டிக்கும் பெண் தன் கையிலிருந்து ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டியதில்லை என்று ஆனது.

மத நம்பிக்கையை முன்வைக்கும் மனசாட்சிப் பிரச்சினை அதன்பிறகுதான் பெரிதாக வெடித்தது. மாநிலங்களில் அது முன்பே எழுந்து, ஒருவாறு தீர்ந்திருந்தது. சாக்ரமெண்டோவின் கத்தோலிக்கத் தொண்டு நிறுவனம் கலிஃபோர்னியா சட்டத்தை எதிர்த்து மாநில உச்ச நீதிமன்றம்வரை போனது. 2004-ல் தோற்றது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர் இல்லை, அது செய்வது பொதுத் தொண்டு, போதனை இல்லை. ஆகவே தேவாலயத்துக்கு உள்ள விலக்கு அதற்குப் பொருந்தாது என்றது நீதிமன்றம். நியூயார்க்கிலும் 2006-ல் அதே முடிவு.

மத்தியச் சட்டம் வந்ததும் காட்சி மாறியது. ஹாபி லாபி என்று கைவினைப் பொருட்கள் விற்கும் ஒரு கடைத் தொடர், அப்போது 13,000 பேர் வேலை பார்த்தது. அதை நடத்தும் குடும்பம் நான்கு முறைகளை மட்டும் எதிர்த்தது: இரண்டு வகை அவசர மாத்திரை, இரண்டு வகைக் கருப்பைச் சாதனம். உச்ச நீதிமன்றம் 2014 ஜூன் 30 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவர்கள் பக்கம் நின்றது. நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் தன் மாறுபட்ட தீர்ப்பில் ஒரு கணக்கை எடுத்து வைத்தார்: குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு ஒரு கருப்பைச் சாதனத்தின் செலவு ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். 2020-ல் ‘லிட்டில் சிஸ்டர்ஸ் ஆஃப் தி புவர்’ என்ற கன்னியாஸ்திரீகள் சபையின் வழக்கில் விலக்கு இன்னும் அகலமாயிற்று.

இதில் என் மனதைச் சொல்கிறேன். ஏழை முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீகள் விலக்குக் கேட்கும் ஒரு படிவத்தில் கையெழுத்திட மனம் கூசுகிறார்கள் என்றால் அந்தக் கூச்சத்தை நான் கேலி செய்ய மாட்டேன். அவர்கள் வாழும் வாழ்க்கையே அந்த நம்பிக்கைதான். ஆனால் நூல்கண்டும் படச்சட்டமும் விற்கும் ஒரு கடை, பில் போடும் பெண்ணின் கருப்பைச் சாதனத்துக்குப் பணம் மறுக்கத் தன் வேத நம்பிக்கையைக் காரணம் காட்டுவது வேறு. காப்பீடு முதலாளியின் தானம் அல்ல. அது அவளுடைய சம்பளத்தின் ஒரு பகுதி. கையில் வாங்கும் சம்பளத்தில் அவள் என்ன வாங்குகிறாள் என்று எந்த முதலாளியும் கேட்பதில்லை.

மத்தியச் சட்டத்தில் இப்படி விரிசல் விழுந்ததும், மறுபடி சட்டம் எழுதும் வேலை மாநிலங்களுக்கு வந்தது. இந்த இரண்டாவது சுற்றுச் சட்டங்களைப் படிக்கும்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. ஒவ்வொரு உட்பிரிவுக்கும் பின்னால் கவுன்ட்டரில் திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி இருக்கிறாள்.

ஒரு வருட மாத்திரையை ஒரே தடவையில் கொடுக்க வேண்டும் என்ற பிரிவையே எடுத்துக்கொள்ளுங்கள். இதை முதலில் எழுதிய மாநிலம் ஆரிகன், 2015-ல். அதுவரை பலர் மாதாமாதம் கடைக்குப் போக வேண்டியிருந்தது. இரவு ஷிஃப்ட் பார்ப்பவள், கார் இல்லாதவள், ஊரில் ஒரே கடை இருந்து அதுவும் ஞாயிறு மூடியிருப்பவள், இவர்களுக்கு நடுவில் நாலு நாள் விட்டுப்போகும். அந்த நாலு நாள் போதும். கலிஃபோர்னியாவின் அரசுத் திட்டத்தில் 80,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து அங்குள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செய்து 2011-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வருட மாத்திரையைச் சேர்த்து வாங்கியவர்களிடம் திட்டமிடாத கருத்தரிப்புக்கான வாய்ப்பு 30 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து அதேதான். நடை மட்டும் குறைந்தது. பெண்கள் மாத்திரையைத் தொலைத்துவிடுவார்கள், வீணாக்குவார்கள் என்று இன்சூரன்ஸ்காரர்கள் கவலைப்பட்டார்கள். அதையும் மீறி, கருக்கலைப்பை அநேகமாக முழுதுமாகத் தடை செய்துவிட்ட டெக்சஸ்கூட 2023-ல் ஒரு வருடச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனாலும் இப்படிச் சட்டம் வந்த மாநிலங்களில் ஒரு வருடத்துக்கும் சேர்த்து வாங்கிப் போனவர்கள் குறைவு என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. பல டாக்டர்கள் பழைய வழக்கப்படியே எழுதுகிறார்கள், கடைக் கம்ப்யூட்டர்களும் பழைய வழக்கப்படியே கணக்குப் போடுகின்றன.

மருந்துச் சீட்டு இன்னொரு தடை. 2023 ஜூலையில் ‘ஓபில்’ என்ற மாத்திரைக்குச் சீட்டில்லாமல் விற்க அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் தினசரிக் கருத்தடை மாத்திரை ஒன்று அப்படிக் கடை அலமாரிக்கு வந்தது அதுவே முதல் தடவை. மறுவருடம் விற்பனைக்கு வந்தது, ஒரு மாதத்துக்கு 19 டாலர் 99 சென்ட். இதில் வேடிக்கை என்னவென்றால், சீட்டில்லாமல் வாங்கினால் மத்திய விதிப்படி காப்பீடு பணம் தரக் கட்டாயமில்லை. சீட்டு வேண்டாம் என்று சொன்ன மாத்திரைக்கு, பணம் வேண்டுமானால் சீட்டு வாங்கி வா என்கிற நிலை! மேரிலாந்து 2016-ல் இயற்றிய புதிய சட்டத்திலேயே சீட்டில்லாமல் கடையில் கிடைக்கும் முறைகளையும் சேர்த்திருந்தது. கலிஃபோர்னியா இப்படி ஒரு சட்டத்தை 2022-ல் இயற்றி 2024 ஜனவரி முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

ஆண்கள் எங்கே என்று கேட்கிறீர்களா? மத்தியச் சட்டத்தில் இல்லை. அது பெண்களுக்கான தடுப்பு மருத்துவம் என்பதால் வாசெக்டமி அதில் வரவில்லை. மேரிலாந்தும் இல்லினாய்ஸும் வெர்மான்ட்டும் அதையும் சேர்த்தன. உடனே 2018-ல் வருமான வரித்துறை ஒரு குறிப்பு வெளியிட்டது: உறுப்பினர் தன் ஆரம்பப் பங்கைக் கட்டுவதற்கு முன்பே வாசெக்டமிக்குப் பணம் கொடுக்கும் திட்டத்தில் இருப்பவர்களுக்கு மருத்துவச் சேமிப்புக் கணக்கின் வரிச்சலுகை கிடையாது. ஆணையும் பொறுப்பில் சேர்த்த சட்டத்துக்கு, பெண்ணைச் சேர்த்தபோது வராத வரிச் சிக்கல் வந்தது. சட்டம் எழுதியவர்கள் மறுபடி உட்கார்ந்து விலக்கு எழுத வேண்டியதாயிற்று.

இது அமெரிக்கக் கதை, நமக்கு ஏன் என்று சிலர் கேட்பீர்கள். நம் நிலைமை முற்றிலும் வேறு. 1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக்கிய நாடு இது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரையும் காப்பர்-டியும் காசில்லாமல் கிடைக்கும். ஆனால் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கும் மெடிக்ளைம் பாலிசியை எடுத்து, எவையெல்லாம் சேராது என்ற பட்டியலைப் படித்துப் பாருங்கள். எக்ஸ்க்ளூஷன் 17 என்று ஒன்று இருக்கும். எந்த வகைக் கருத்தடைக்கும், கருத்தடை ஆபரேஷனுக்கும் பணம் கிடையாது என்று, மலட்டுத்தன்மைச் சிகிச்சையோடு சேர்த்து அதில் போட்டிருப்பார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக வகுத்துக் கொடுத்த வாசகம் அது. 1998-க்கு முன் அமெரிக்க நிறுவனங்கள் சொன்னதை இது நினைவூட்டவில்லையா? இத்தனைக்கும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேல் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், ஆண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. கவுன்ட்டர் விஷயத்திலும் நாம் பெருமைப்பட முடியாது. சட்டப்படி சீட்டில்லாமலே விற்கலாம் என்ற அவசர மாத்திரையைக் கேட்டு, சென்னையில் கடை கடையாக ஏறி இறங்கிய பெண்களின் அனுபவம் பத்திரிகைகளில் எத்தனையோ முறை வந்துவிட்டது. தடை எதுவும் இல்லை. ஆனாலும் கடையில் இல்லை என்பார்கள்.

2022 ஜூனில் கருக்கலைப்பு உரிமையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் எடுத்துவிட்டபோது, நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ் தனியாக எழுதிய தீர்ப்பில், கருத்தடைக்கு உரிமை கொடுத்த 1965-ஆம் ஆண்டுத் தீர்ப்பையும் மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றார். அந்த உரிமையைச் சட்டமாக்கும் மசோதா 2024 ஜூனில் செனட்டில் 51-க்கு 39 என்று வாக்குப் பெற்றும், விவாதத்தை முடித்து வைக்கத் தேவையான 60 கிடைக்காமல் நின்றது. மறுபடியும் மாநிலங்கள்தான்.

நம் வாசகர்களில் பலருக்கு மகளோ மருமகளோ அங்கே இருக்கிறார்கள். ஐ.டி. வேலைக்காக கலிஃபோர்னியாவிலிருந்து டெக்சஸுக்கு, அங்கிருந்து நியூ ஜெர்சிக்கு என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். அவர்களிடம் பேசும்போது இதை மட்டும் சொல்லுங்கள். காப்பீட்டு அட்டையில் பெரிய இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர் அச்சிட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். நிறுவனம் தன் பணத்தில் நடத்தும் திட்டத்திலும், பில் பார்க்கும் வேலையை மட்டும் அந்தக் கம்பெனிக்குக் கொடுத்து, அதன் பெயரையே அட்டையில் போடுவார்கள். எச்.ஆர்.-இடம் நேராகக் கேட்க வேண்டியது: இது வாங்கிய இன்சூரன்ஸா, நிறுவனமே பணம் போடும் திட்டமா? முதலாவது என்றால் மாநிலச் சட்டம் உண்டு. ஒரு வருட மாத்திரை, சீட்டில்லாத மாத்திரை, கணவரின் ஆபரேஷன், அந்த மாநிலம் எதையெல்லாம் எழுதியிருக்கிறதோ அதைக் கேட்டு வாங்கலாம். இரண்டாவது என்றால் மத்திய விதி மட்டும்தான். கடைக்காரர் இல்லை என்று சொன்னால், எந்த விதியின் கீழ் இல்லை என்று எழுதிக் கேட்கச் சொல்லுங்கள். பதில் என்ன வந்தது என்று எங்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்